படம் எடுக்கும் ஆள்: பாலாற்றங்கரையில் எக்ஸ்ரே வந்த கதை

மாதனூரில் ஒருவருக்குக் கை முறிந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு மூன்று பக்கம் போகலாம். நெடுஞ்சாலையில் மேற்கே ஆம்பூர், கிழக்கே வேலூர், பாலாற்றைத் தாண்டினால் குடியாத்தம். எந்தப் பக்கம் போவது என்பதை ஊர்க்காரர்கள் ஒரே கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்: "இந்நேரத்துல அங்க படம் எடுக்க ஆள் இருக்குமா?" மிஷின் இருக்குமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நம் பகுதியில் மிஷின் பெருகியும் ஆள் பெருகாமல் போனது எப்படி என்பதை எழுதி வைப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பரில். சில ஆண்டுகளுக்குள் அந்தக் கருவி மதராஸ் பொது மருத்துவமனைக்கு வந்துவிட்டது. ஆனால் அது ஒரு துறையாக வேரூன்றியது கேப்டன் டி.டபிள்யூ. பர்னார்டின் உழைப்பால். அவர் பெயர் தாங்கிய கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. நோயாளிக்குப் படம் எடுத்த அதே இடத்தில் மருத்துவர்களும் டெக்னீஷியன்களும் தொழில் கற்றார்கள். பிற்காலத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் எக்ஸ்ரே அறைகள் திறந்தபோது அங்கே போய் நிற்க ஆள் கிடைத்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம்.

வேலூரிலும் நடந்தது அதுதான். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. கட்டடம் எழும்ப எழும்ப அதில் வேலை செய்யும் ஆளையும் கூடவே உருவாக்கினார். அவருடைய அண்ணன் மகள் ஐடா பெல் ஸ்கடர் அங்கே கதிர்வீச்சு மருத்துவத்தை வளர்த்தார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஜனங்களுக்கு 'வேலூர் ஆஸ்பத்திரி' மேல் இருக்கும் நம்பிக்கை கருவிகளால் மட்டும் வந்ததன்று. எந்த நேரம் போனாலும் அந்தக் கருவியை இயக்கத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார் என்பதால் வந்தது.

எக்ஸ்ரே கிராமத்துக்குப் போனது காசநோயால். வடக்கே ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் சானடோரியத்தின் ஃப்ரிமோட் மோலர், 1950களில் சுற்றுவட்டார ஜனங்களுக்குச் சிறு ஃபிலிமில் நெஞ்சுப் படம் எடுத்து ஆய்வு செய்தார். 1955 முதல் 1958 வரை நாடு தழுவிய மாதிரி ஆய்வும் நடந்தது. நகரத்துக்குக் கிராமம் குறைவில்லை, காசநோய் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்று அது காட்டியது. அப்படியானால் ஊர்தோறும் எக்ஸ்ரே வேண்டும். அதற்கு மிஷினும் இல்லை, ஆளும் இல்லை. 1962இல் வந்த தேசியக் காசநோய்த் திட்டம், கிராமத்துக்குச் சளிப் பரிசோதனையும் மைக்ரோஸ்கோப்பும் போதும், எக்ஸ்ரே மாவட்ட மையத்தில் இருக்கட்டும் என்று தீர்மானித்தது. மாவட்ட மையத்தின் குழுவில் எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கு ஓர் இடம் உண்டு. பெங்களூரின் தேசியக் காசநோய் நிறுவனம் மாவட்டக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியது. எத்தனை கைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துத் திட்டம் போட்ட காலம் அது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது டார்க் ரூம்தான் எங்கள் உலகம். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கேசட்டைத் திறந்து, ஃபிலிமை ஹேங்கரில் மாட்டி, டெவலப்பரில் முக்கி, நீரில் அலசி, ஹைப்போவில் போட வேண்டும். கோடைக்காலத்தில் கரைசல் சூடேறிவிடும், கொஞ்சம் அசந்தாலும் படம் கறுத்துப்போகும். அதனால் நேரத்தை மணி பார்த்துக் குறைத்துக்கொள்வோம். ஈரப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போதே முறிவு தெரிந்துவிடும். வாய் திறந்து சொல்லக் கூடாது. "அண்ணே, எலும்பு போயிடுச்சா? நாளைக்கு வேலைக்குப் போலாமா?" என்று ஷூ கம்பெனிப் பெண் ஒருத்தி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. தோல் வெட்டும் கிளிக்கிங் மிஷினில் சிக்கிய ஆள்காட்டி விரல். "டாக்டர் பார்த்துச் சொல்லுவார்ம்மா, விரலை மட்டும் அசைக்காம வச்சிக்க" என்றேன்.

பச்சைத் தோலைப் பதனிட்டு அனுப்பி வந்த இந்தப் பகுதி ஷூ தைக்கத் தொடங்கிய பிறகு ஆயிரக்கணக்கான பெண்கள் கம்பெனி வேனில் ஏறினார்கள். டேனரி டிரம், ஷேவிங் மிஷின், கட்டிங் பிரஸ், வெளியே வந்தால் நெடுஞ்சாலை. விரலும் மணிக்கட்டும் கணுக்காலும் எங்கள் மேஜைக்கு வந்துகொண்டே இருந்தன. இரவு ஷிப்டில் அடிபட்டவருக்குப் பகல் நேர எக்ஸ்ரே அறையால் என்ன பயன்?

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. மருந்து கொள்முதலில் பேர் வாங்கிய அந்தக் கழகம் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் அரசு மருத்துவமனைகளுக்குள் கொண்டுவந்தது. சி.டி. 500 ரூபாய், எம்.ஆர்.ஐ. 2,500 ரூபாய் என்ற கட்டணம் ஏழை வீடுகளைக் கடனிலிருந்து காப்பாற்றியது. இதை மனமாரச் சொல்கிறேன். ஆனால் கருவி வாங்குவதில் காட்டிய கணக்கை ஆள் விஷயத்தில் காட்டவில்லை.

கணக்கு கடினமில்லை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர ஷிப்ட் மூன்று, வாரத்துக்கு 21. ஒருவர் ஆறு ஷிப்ட் பார்த்தால் மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, பயிற்சி, பிரசவ விடுமுறை சேர்த்தால் நான்குக்குக் குறையாது, ஐந்து இருந்தால் நிம்மதி. 30 படுக்கைச் சமுதாய சுகாதார நிலையத்துக்கு 2012ஆம் ஆண்டின் தேசியத் தர வரையறை சொன்னதோ ஒரே ரேடியோகிராபர். நானும் ஒரு மருத்துவமனையில் ஒற்றை ஆளாக இருந்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் அறைக்குப் பூட்டு. பல லட்ச ரூபாய்க் கருவி உள்ளே இருக்க, சீட்டைக் கையில் கொடுத்து வேலூருக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய், வலியோடு பயணமும் செய்வது நோயாளிதான்.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது மாதனூர் திருப்பத்தூரோடு சேர்ந்தது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி வேலூர் மாவட்டத்தில் நின்றுவிட்டது. நோயாளி கோப்பைப் பார்த்துப் போவதில்லை, சாலையைப் பார்த்துப் போகிறார். 2021 நவம்பர் வெள்ளத்தில் மாதனூர் அருகே பாலாற்றுத் தரைப்பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது குடியாத்தம் எவ்வளவு தூரமாகிவிட்டது என்பதைக் கண்ணால் கண்டோம்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய் ஆய்வு, நெஞ்சுப் படம் எடுக்காமல் விட்டிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் தெரியாமலே போயிருப்பார்கள் என்றது. 1962இல் கிராமத்துக்குக் கட்டுப்படியாகாது என்று ஒதுக்கிய எக்ஸ்ரே இப்போது கையில் தூக்கும் கருவியாகத் திரும்பி வந்திருக்கிறது. படத்தைக் கணினியே படிக்கிறது. ஆனாலும் முதியவரைச் சரியாக நிறுத்தவும், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சரியான கணத்தில் சொல்லவும், கர்ப்பமா என்று கேட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தவும் தொழில் கற்ற ஆள்தான் வேண்டும்.

இனி ஒரு மருத்துவமனைக்கு மிஷினுக்கு உத்தரவு போடும் அதே தாளில் ஷிப்ட் கணக்குப்படி பணியிடங்களுக்கும் உத்தரவு போட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் மூன்றுக்கும் பொதுவாக, மாவட்ட எல்லை பாராமல், விடுப்புக்கு மாற்றாகப் போகும் டெக்னீஷியன்கள் சிலரை வைக்க வேண்டும். டேனரி, ஷூ கம்பெனி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இடங்களைக் கூட்டித் தர வேண்டும். அவர்கள் ஊரை விட்டுப் போகமாட்டார்கள், மிஷினில் அடிபடும் விரல்களும் அவர்கள் வீட்டு விரல்கள். கருவியோடு ஆளையும் உருவாக்குவதைப் பர்னார்டும் ஐடா அம்மையாரும் ஏழ்மையான காலத்திலேயே செய்து காட்டினார்கள். இன்றைய தமிழ்நாட்டுக்கு அதைவிட வசதி இருக்கிறது.