எழுதி வைத்தால் போதுமா?

எங்கள் ஊர் செவிலிமேடு. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றங்கரையில் இருக்கிறது. இராமானுஜர் பெருமாளுக்குத் தீர்த்தம் எடுத்துப் போனதாகச் சொல்லும் சாலைக் கிணறு இங்கேதான். ஊர்ப்பெயரிலேயே செவிலி இருப்பதால், எங்கள் உறவில் ஒரு பெண் நர்ஸிங் சேர்ந்தபோது "செவிலிமேட்டிலிருந்து ஒரு செவிலி" என்று எல்லோரும் கேலி செய்தோம். என் மைத்துனரின் பேத்தி, எனக்கும் பேத்தி முறை. இப்போது பி.எஸ்ஸி. நர்ஸிங் மூன்றாம் வருஷம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் முகம் வாடியிருந்தது. என்னம்மா என்று கேட்டதற்கு, "பொம்மைகிட்ட மார்க் போயிடுச்சு தாத்தா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். கல்லூரியில் சிமுலேஷன் லேப் என்று ஒரு அறை. ஆஸ்பத்திரி வார்டு மாதிரியே கட்டில், டிரிப்ஸ் ஸ்டாண்டு, மானிட்டர் எல்லாம் இருக்கும். கட்டிலில் ஆள் உயரப் பொம்மை. அது மூச்சு விடும், கையைப் பிடித்தால் நாடி துடிக்கும். பக்கத்து அறையில் கண்ணாடிக்குப் பின்னால் டீச்சர் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரில் நாடியை ஏற்றுவார், இறக்குவார். இவளுக்கு வந்த கேஸ், குழந்தை பிறந்து இரண்டு மணி நேரமான ஒரு தாய். நாடி ஏறுவதை இவள் கவனித்திருக்கிறாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கர்ப்பப்பை இறுகாமல் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, அமுக்கித் தேய்த்தும் விட்டிருக்கிறாள். அதுவரை எல்லாம் சரி. பிறகு டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். மறுமுனையில் இன்னொரு டீச்சர் டாக்டராக நடிக்கிறார்.

"சார், ஃப்ரீயா இருந்தா கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா?" என்றிருக்கிறாள். "வேலையா இருக்கேன், அரை மணியில் வரேன்" என்று பதில். இவளும் "சரி சார்" என்று வைத்துவிட்டாள். அங்கேதான் மார்க் போயிற்று.

"எல்லாம் தெரிஞ்சிருந்தது தாத்தா. சொல்லத்தான் வரலை" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தப் பொம்மையின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த சில நாட்கள் அதைத்தான் தேடிப் படித்தேன். தேடப் போனால், அது நான் படித்த பள்ளிக்கூடத்துப் பாஷையில் வந்து நின்றது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 15ஆம் லூயி மன்னர் நடத்திய போர்களையெல்லாம் மனப்பாடம் செய்தோம். 1760 ஜனவரியில் இங்கே நம் வந்தவாசியில் லாலியின் படை ஆங்கிலேயரிடம் தோற்றதும் பாடத்தில் உண்டு. ஆனால் அதற்கு முந்தின வருஷம், 1759இல், அதே லூயி மன்னர் ஒரு மருத்துவச்சியைத் தேர்ந்தெடுத்து, நாடு முழுவதும் போய்ப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும்படி அனுப்பினார் என்பதை எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

அந்த அம்மாளின் பெயர் மதாம் து கூத்ரே. கிராமத்துப் பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகம் கொடுத்துப் பயன் இல்லை. ஆகவே அவர் துணி, தோல், பஞ்சு வைத்து ஒரு தாயின் இடுப்புப் பகுதியைத் தைத்தார். உள்ளே வைக்கத் துணியாலேயே ஒரு குழந்தை. கயிறுகளை இழுத்தால் வழி விரியும், சுருங்கும். இரத்தப்போக்கைக் காட்டச் சாயநீர் ஊறிய கடற்பஞ்சும் வைத்தார். தான் செய்ததை அவர் "மஷீன்" என்றே அழைத்தார். இருபது வருஷங்களுக்கு மேலாக ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவற்றில் ஒன்று ரூவான் நகரத்து மியூசியத்தில் இன்னும் இருக்கிறது. படத்தில் பார்த்தேன். தறிக்காரர்கள் ஊரில் வாழ்கிறவன் ஆதலால் முதலில் கண்ணில் பட்டது அதன் தையல்தான். அவ்வளவு நேர்த்தி.

அடுத்த பொம்மை அமெரிக்காவில். 1911இல் ஹார்ட்ஃபோர்டு ஆஸ்பத்திரியின் நர்ஸ் பள்ளிக்காக, குழந்தைகளுக்குப் பொம்மை செய்துவந்த மார்த்தா சேஸ் என்ற அம்மாள் ஆள் உயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். "மிஸஸ் சேஸ்" என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நோயாளியைப் புரட்டுவது, தூக்குவது, படுக்கை மாற்றுவது எல்லாம் அதில் பழகினார்கள். 1960இல் நார்வேயைச் சேர்ந்த லேர்டால் என்ற பொம்மைக்காரர், நின்ற மூச்சை மீட்கப் பழக "ஆன்" என்ற பொம்மையைக் கொண்டுவந்தார். அதன் முகம், பாரிஸில் செய்ன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகவார்ப்பிலிருந்து எடுத்தது.

இந்தப் பொம்மைகள் எல்லாம் கைக்குப் பயிற்சி கொடுத்தவை. வாய்க்கு யார் கொடுப்பது? 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற அமெரிக்க நரம்பியல் டாக்டர், நல்ல ஆரோக்கியமான ஒருவருக்கு நோயாளியாக நடிக்கக் கற்றுக்கொடுத்து, மாணவர்களைப் பேசவைத்துச் சோதித்தார். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன், பரீட்சையையே பல சின்னச் சின்ன நிலையங்களாகப் பிரித்தார். மணி அடித்தால் அடுத்த நிலையத்துக்குப் போக வேண்டும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மார்க் பட்டியல். பரீட்சகரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைந்தது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி கொடுத்தது 1854இல். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி 1871இல் தொடங்கியது. நமக்குப் பக்கத்து வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் ஆரம்பித்த நர்ஸ் பள்ளி, 1946இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் நர்ஸிங் பட்டப்படிப்பு தொடங்கியதே அந்த வருஷம்தான், ஒன்று வேலூரில், இன்னொன்று டில்லியில். இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் 1947இல் வந்தது. அந்தக் கவுன்சில் 2021இல் பட்டப்படிப்பை எட்டு செமஸ்டராக மாற்றிய புதிய விதிகளில் சிமுலேஷன் லேபும், ஹார்டன் வகுத்த அந்த நிலையப் பரீட்சையும் இடம்பெற்றன. அப்படித்தான் மதாம் து கூத்ரேயின் வழிவந்த பொம்மை எங்கள் வீட்டுப் பெண்ணிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்றும் பார்த்தேன். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கிறிஸ்டின் டானர் என்ற நர்ஸிங் பேராசிரியை 2006இல் ஒரு நர்ஸின் யோசனையை நான்கு படிகளாகப் பிரித்தார். கவனிப்பது, அதன் அர்த்தத்தைப் புரிந்துகொள்வது, செயல்படுவது, பிறகு உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பது. அடுத்த வருஷம் கேத்தி லசாட்டர் அதை 11 அம்சங்கள் கொண்ட மதிப்பீட்டுப் பட்டியலாக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஆரம்ப நிலையிலிருந்து தேர்ந்த நிலை வரை நான்கு படிகள். அந்த 11இல் ஒன்று, தெளிவாகப் பேசுவது. அதுவும் "செயல்படுவது" என்ற தலைப்பின் கீழேயே வருகிறது. பேச்சும் ஒரு சிகிச்சைதான் என்று இதற்குப் பொருள்.

இப்போது என் தூக்கம் போன காரணத்தைச் சொல்கிறேன்.

1982. என் அக்காவுக்கு மூன்றாவது பிரசவம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. இரவு பத்து மணிக்கு மேல் அக்கா புரண்டு புரண்டு படுத்தாள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். கை சில்லென்று இருந்தது. வார்டில் ஒரே ஒரு சின்னப் பெண் டியூட்டி. இருபது, இருபத்தொரு வயது இருக்கும். வந்து வந்து நாடி பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கட்டில் தலைமாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டில் எழுதினாள். டாக்டரைக் கூப்பிடும்மா என்று நான் கேட்டதற்கு, "சாயங்காலமே ஒரு தடவை எழுப்பினதுக்குத் திட்டினார் சார், பிரஷர் சரியாத்தான் இருக்கு" என்றாள். விடியற்காலையில் அவள் ஓடினபோது நேரம் கடந்துவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு அந்த கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். காகிதம் படிப்பதுதானே என் தொழில். நாடி 96, 112, 128, 140. அழகான கையெழுத்தில், மணி போட்டு வரிசையாக இருந்தது. இரத்தம் போகும்போது நாடிதான் முதலில் ஏறும், பிரஷர் கடைசியில்தான் விழும் என்பதை இப்போது பேத்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்று அந்தப் பெண் என்னைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நான் எழுதித்தான் வச்சேன் சார்."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஏன் தெரியுமா? நானும் அதையே செய்து சம்பளம் வாங்கியவன். அலுவலகத்தில் குறிப்புக் கோப்பு எழுதுவோம். பொருள், பார்வை, விதி எண், முன்னுதாரணம் எல்லாம் சரியாக இருக்கும். கடைசியில் "ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" என்று முடித்துவிடுவோம். இதைச் செய்யலாம், இதைச் செய்யக்கூடாது என்று சொந்தமாக ஒரு வரி எழுத மாட்டோம். எழுதினால் நாளைக்குக் கேள்வி வரும். எழுதாவிட்டால் பழி மேலே போய்விடும். எத்தனை பென்ஷன் கோப்புகள் அப்படி ஒரு மேஜையில் கிடந்து காய்ந்தன என்பது என் மனசுக்குத் தெரியும்.

பேத்திக்கு இப்போது கற்றுக்கொடுக்கும் முறைக்கு எஸ்பார் என்று பெயர். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததாம். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் பரிந்துரை என்று நான்கு பகுதி. முதல் இரண்டும் எங்கள் பொருளும் பார்வையும்தான். நாங்கள் விட்டுவிட்டது பின் இரண்டை. அந்த இரண்டைத்தான் லேபில் மார்க் போட்டுச் சோதிக்கிறார்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். போனில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமாம். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் அந்த இடத்தில் திணறுகிறார்கள் என்றாள். பிரெஞ்சில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்து, தமிழில் குறிப்பு எழுதத் தெரியாமல் முதல் வருஷம் முழுக்க மேலதிகாரியிடம் முட்டாள் பட்டம் வாங்கியவன் நான். யோசிக்கத் தெரியாதது வேறு, அந்நிய பாஷை வாயில் வராதது வேறு. மார்க் போடுகிறவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பொம்மை திட்டாது, நிஜ டாக்டர் திட்டுவார் என்பதும் உண்மை. கேட்கிற காதுக்கும் யாராவது பயிற்சி கொடுத்தால் நல்லது.

மறுபரீட்சைக்கு முன்னால் அவள் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒத்திகை பார்த்தாள். நான்தான் டாக்டர். வேண்டுமென்றே கடுகடுத்தேன். முதல் தடவை "சரி சார்" என்று வைத்துவிட்டாள். இரண்டாம் தடவையும் அப்படியே. அப்போதுதான் அக்காவின் கதையைச் சொன்னேன். நாற்பது வருஷமாக வீட்டில் யாரிடமும் முழுசாகச் சொல்லாதது.

மூன்றாம் தடவை போனை எடுத்தாள். "சார், குழந்தை பிறந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. நாடி 128, ஏறிக்கிட்டே இருக்கு. கர்ப்பப்பை இறுகலை. இரத்தப்போக்குன்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வரணும்" என்றாள். அரை மணியில் வரேன் என்றேன். "இல்ல சார், இப்பவே. வர முடியலைன்னா அடுத்த டாக்டரைக் கூப்பிடறேன்" என்றாள்.

என்னால் அதற்கு மேல் டாக்டராக நடிக்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

மறுபரீட்சையில் அவள் தேறிவிட்டாள்.