அந்நியக் கப்பலில் வந்த அன்னாசி: பக்குவமும் பழியும்

கரிசல் மண்ணில் விளையாத ஒரு பழம் கரிசல் மக்களின் விருந்துப் பந்தியில் இடம்பிடித்திருக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம், உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரம் என நீளும் இந்த மானாவாரி நிலத்தில் பருத்தி விளையும், கம்பும் சோளமும் உளுந்தும் விளையும், அன்னாசி விளையாது. மழை பெய்தால் நீரைப் பிடித்துக்கொண்டு களியாவதும், கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதும் கரிசலின் இயல்பு. அன்னாசிக்கோ நீர் தேங்காத, சற்றே அமிலத்தன்மை கொண்ட மண் வேண்டும். ஆகவே இப்பழம் நம்மிடம் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள வாழக்குளம் இதற்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர்ப் பழம் 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களிலும் ஊடுபயிராக அன்னாசி வளர்கிறது.

இப்பழத்தைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் உண்டு. நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் அன்னாசிப் பச்சடி பொருத்தமான துணை என்பது ஒன்று. கருவுற்ற பெண் அன்னாசியைத் தொடவே கூடாது, தொட்டால் கரு கலைந்துவிடும் என்பது மற்றொன்று. முதலாவது கைப்பக்குவத்தின் பேச்சு. இரண்டாவது அச்சத்தின் பேச்சு. இவ்விரண்டும் எங்கிருந்து வந்தன என்று ஆராய்ந்தால், எதைக் காக்க வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்பது தெளிவாகும்.

கப்பல் செய்த குற்றம் கனியைச் சேராது

அன்னாசியின் தாயகம் தென் அமெரிக்கா. அந்நிலத்துப் பழங்குடியினர் ‘நனா’ என்று வழங்கிய சொல்லே போர்த்துக்கீசியர் வாயில் ‘அனனாஸ்’ ஆயிற்று. அதுவே தமிழில் அன்னாசி. 1493இல் குவாதலூப் தீவில் கொலம்பஸின் கூட்டத்தார் இப்பழத்தை முதன்முதலாகக் கண்டனர். அதன்பின் நூறாண்டுகள் கழிவதற்குள் போர்த்துக்கீசியக் கப்பல்கள் இதனை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

அந்தக் கப்பல்கள் நமக்கு அந்நியமானவை மட்டுமல்ல. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த அவர்கள், மலபார்க் கரை முஸ்லிம்களின் வணிகத்தையும் ஹஜ் பயணத்தையும் நெருக்கிய கொடுமைகளை ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்னும் அரபு நூலில் பதிந்து வைத்துள்ளார்கள். தூத்துக்குடி முத்துக்குளித்துறையிலும் மரைக்காயர்களுக்கும் அவர்களுக்கும் நெடுநாள் பகை இருந்தது. ஆயினும் அதே கப்பல்களின் வழியே வந்த பயிர்களை நம் முன்னோர் வெறுத்து ஒதுக்கவில்லை. விளாத்திகுளத்து மிளகாயும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குரிய நிலக்கடலையும், இன்று கரிசலெங்கும் பரவியுள்ள மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவையே. கொண்டுவந்தவன் செய்த அநீதிக்கு அவன் கணக்குக் கொடுப்பான். கனியைப் படைத்தவன் அல்லாஹ்.

அறியாத உணவைப் பற்றி மார்க்கம் நமக்கு ஒரு தெளிவான வழியைக் காட்டியிருக்கிறது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு வைக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் கையை விலக்கிக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார். இல்லை, தம் மக்கள் வாழும் நிலத்தில் இது இல்லை என்பதால் தமக்கு விருப்பமில்லை என்ற கருத்தில் பதில் வந்தது. காலித் (ரலி) அதை எடுத்துச் சாப்பிட்டார், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கமின்மை வேறு, தடை வேறு. தடைக்கு ஆதாரம் இல்லாதவரை பொருள்கள் ஆகுமானவையே என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் அடிப்படை விதி.

அரண்மனையிலிருந்து அடுப்படிக்கு

புதிய கனிக்கு மக்கள் பழைய பெயர்களைச் சூட்டினார்கள். மலையாளத்தார் ‘கைதச்சக்க’ என்றனர். இலை தாழையையும் பழம் பலாவையும் ஒத்திருந்ததால் வந்த பெயர் அது. தமிழில் ‘பறங்கித்தாழை’ என்ற பெயரும் உண்டு. வடக்கே அக்பரின் அவையில் அபுல் ஃபஸ்ல் எழுதிய ‘ஆயினே அக்பரி’ இதனைப் பயணப் பலா என்னும் பொருள்படக் குறிக்கிறது. ஓர் அன்னாசியின் விலை 4 தாம் என்கிறது அந்நூல். அந்த விலைக்கு அன்று பத்து மாம்பழம் வாங்கலாம். ஆக்ராவின் குல் அஃப்ஷான் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அன்னாசிகள் விளைந்ததைப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இங்கிலாந்திலோ 18ஆம் நூற்றாண்டில் ஓர் அன்னாசியை வாடகைக்கு எடுத்து, உண்ணாமல் விருந்து மேசையில் காட்சிக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. பிறருக்குக் காட்டிப் பெருமை கொள்வதற்காக ஒரு கனி வீடு வீடாகச் சுற்றியது! இன்று அது தள்ளுவண்டியில் கிடைக்கிறது. பேரரசரின் தட்டில் இருந்தது ஏழையின் தட்டுக்கு வந்திருப்பது நிஃமத் அல்லவா? நிஃமத்துக்கு நன்றி செலுத்துவதென்பது நாவால் அல்ஹம்துலில்லாஹ் சொல்வதோடு முடிவதில்லை. வீணாக்காமல் உண்பதும் நன்றியே.

கத்தி, உப்பு, நெருப்பு

அன்னாசி தன்னை எளிதில் கொடுத்துவிடும் பழமன்று. அதன் தசையில் புரோமெலைன் என்னும் நொதி இருக்கிறது. அது புரதத்தைச் சிதைக்கும் தன்மையுடையது. நாக்கு எரிவதற்கும் உதடு கூசுவதற்கும் அது ஒரு காரணம். அறிவியல் இந்த நொதிக்குப் பெயர் வைக்கும் முன்பே நம் வீட்டுப் பெண்கள் அதனை அடக்கும் வழிகளைக் கண்டறிந்திருந்தனர்.

பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அடிப்பகுதியை முகர்ந்து பார்க்க வேண்டும். நல்ல மணமும் அடியில் மஞ்சள் நிறமும் இருந்தால் அது கனிந்த பழம். பறித்த பின் நிறம் மாறலாம், மென்மையாகலாம். ஆனால் இனிப்புக் கூடாது. எனவே காயாக வாங்கிப் பழுக்கவைக்கலாம் என்று எண்ணுவது வீண்.

கொண்டையையும் அடியையும் வெட்டி, பழத்தை நிமிர்த்தி வைத்து மேலிருந்து கீழாகத் தோலைச் சீவ வேண்டும். பிறகு தெரியும் கண்கள் ஒவ்வொன்றும் முன்பு ஒரு பூவாக இருந்தவை. நூற்றுக்கும் மேற்பட்ட பூக்கள் ஒன்றாய் இணைந்தே ஓர் அன்னாசி உருவாகிறது. அக்கண்கள் தாறுமாறாக இல்லை, சாய்ந்த வரிசையாக அமைந்திருக்கின்றன. அந்தச் சாய்வை ஒட்டியே கத்தியால் பள்ளம் கீறிக் கண்களை எடுத்தால் சதை மிகக் குறைவாகவே வீணாகும். கண் போகும்வரை தோலைத் தடிமனாகச் சீவுவோர் பழத்தின் பெரும்பகுதியைக் குப்பையில் போடுகின்றனர். நறுக்கிய துண்டுகளைச் சிறிது நேரம் உப்பு நீரில் போட்டு எடுத்தால் கூச்சம் தணியும்.

நெருப்பு அந்த நொதியை முற்றிலும் அடக்கிவிடுகிறது. பச்சையாக அரைத்த அன்னாசியைப் பாலிலோ தயிரிலோ கலந்து வைத்தால் கசந்துபோவதும், வேகவைத்துச் சேர்த்தால் கசக்காமல் இருப்பதும் இதனால்தான். பச்சடிக்குரிய முறை இதுவே: பாதிப் பழத்தைப் பொடியாக நறுக்கி, மஞ்சள்தூள், சிறிது மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து, மூழ்கும் அளவு நீரில் பதினைந்து நிமிடம் வேகவிட வேண்டும். மென்மையானதும் ஒரு கைப்பிடி பொடித்த கருப்பட்டியை நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கொதிக்கவைத்து, அரைத்த தேங்காயும் சீரகமும் சேர்த்து இறக்கலாம். கடுகு, வற்றல், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டவும். தயிர் சேர்ப்பதானால் நன்றாக ஆறிய பிறகே சேர்க்க வேண்டும்.

அதே நொதியை இறைச்சிக்கும் பயன்படுத்தலாம். முற்றிய ஆட்டுக்கறியில் இரண்டு கரண்டி பச்சை அன்னாசிச் சாற்றைத் தடவி அரை மணி நேரம் வைத்தால் எளிதில் வேகும். அதிக நேரம் வைத்தால் கறி குழைந்துவிடும். நடுத்தண்டைப் பொடியாக அரிந்து பச்சடியிலேயே சேர்க்கலாம். நன்கு கழுவிய தோலை இஞ்சி, கிராம்பு, வெல்லத்தோடு கொதிக்கவைத்து வடிகட்டினால் நல்ல பானம். ஆனால் அதை அன்றே அருந்திவிட வேண்டும். நாள்கணக்கில் மூடிவைத்தால் நுரைத்துப் புளித்து மதுவின் தன்மையை அடைந்துவிடும். போதை தரும் நிலையை அடைந்தது ஹராம்.

பழி யார் தலையில்?

இனி அந்த இரண்டாவது பேச்சுக்கு வருவோம். அன்னாசிக் காயின் சாறு கடுமையானது. வயிற்றைக் கலக்கி வாந்தியும் பேதியும் உண்டாக்கும். நாவைக் கூசவைக்கும் கனி கருவையும் கலைக்கும் என்ற அச்சம் அந்தக் கடுமையைக் கண்டே எழுந்திருக்கக்கூடும். ஆனால் காய் வேறு, கனி வேறு. உணவில் சேர்க்கும் அளவில் கனிந்த அன்னாசியை உண்பதால் கரு கலையும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. தொடக்க மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் குறைபாட்டால் நேர்பவை என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். தாய் உண்ட ஒரு துண்டுப் பழத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இது வெறும் உணவுப் பத்தியமாக நின்றிருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. வேண்டாம் என்று ஒதுக்குவது அவரவர் விருப்பம். சர்க்கரை நோயோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு நடப்பதும் முறையே. ஆனால் கருவை இழந்து கண்ணீரோடு கிடக்கும் மருமகளிடம், நீ அன்னாசி தின்றாயா என்று மாமியாரும் சுற்றத்தாரும் கேட்கும் கேள்வி இருக்கிறதே, அது ஒரு தீர்ப்பு. சாட்சியும் இல்லை, ஆதாரமும் இல்லை. தண்டனை மட்டும் அவள் வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. திருமணப் பந்தியில் உண்ட ஒரு கரண்டிப் பச்சடிக்காகத் தன்னையே கொலைகாரியாக எண்ணி உள்ளுக்குள் உருகும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தக் குழந்தையின் மரணத்தாலேயே கிரகணம் நேர்ந்தது என்று மக்கள் பேசினர். தம் மகனுக்குச் சிறப்புச் சேர்க்கும் பேச்சு என்றும் பாராமல், துயரத்தின் நடுவிலும் நபியவர்கள் அதனை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள். ஒரு குழந்தையின் மரணத்தோடு தொடர்பில்லாத காரணத்தை முடிச்சுப் போடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமோ? புகழாக வந்த பொய்க் காரணத்தையே அவர்கள் ஏற்கவில்லை. அப்படியிருக்க, ஒரு தாயின் மீது பழியாக விழும் பொய்க் காரணத்தை நாம் எவ்வாறு ஏற்க முடியும்?

ஆகவே, வீட்டில் கரு கலைந்த பெண் இருந்தால் அவளிடம் என்ன தின்றாய் என்று கேட்காதீர்கள். மருத்துவம் செய்யுங்கள், ஓய்வு கொடுங்கள், துஆச் செய்யுங்கள். கணவன்மார்கள் தம் மனைவியின் பக்கம் நின்று அந்தக் கேள்வியைத் தடுத்து நிறுத்துவது அவர்கள் மீதுள்ள பொறுப்பு. ஜும்ஆ மேடையிலும் பெண்கள் மதரஸாவிலும் இதைச் சொல்லும் கடமை எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் உண்டு.

முதல் கனி கொண்டுவரப்பட்டால் நபியவர்கள் பரக்கத்துக்காக துஆச் செய்து, அங்கிருக்கும் மிகச் சிறிய குழந்தையிடம் அதைக் கொடுப்பார்கள். இந்தப் பருவத்து அன்னாசியை வாங்கும்போது அந்த சுன்னத்தை நினைவுகொள்வோம். கண் வரிசை பார்த்துச் சீவுவோம், பக்குவமாய்ச் சமைப்போம், பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவோம். பழத்தைப் பற்றி நாம் பேசும் பேச்சையும் அல்லாஹ் நம்மிடம் விசாரிப்பான் என்பதை மறவாதிருப்போம். வல்லாஹு அஃலம்.