முந்திரிக் கணக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மகள் ஒரு வீட்டுப்பாடத்தை நீட்டினாள். கோட்டுக்கு மேலே 1/4 + 1/8. கீழே 1/20 + 1/80. பின்னத்துக்குள் பின்னம். "கீழே உள்ளதைக் கூட்டி, தலைகீழாக்கிப் பெருக்கு" என்றேன். "ஏன் தலைகீழாக்கணும், அப்பா?" என்றாள். இந்த நாட்டில் முதுகலை படித்து, இருபது வருடமாகக் கணினி ஆலோசகனாகச் சம்பாதிக்கிறவனுக்குப் பதில் வரவில்லை.

அதே மேசையில் இன்னொரு தாளும் கிடந்தது. தஞ்சைப் பக்கம் தாத்தா வைத்திருந்த நாலு மா நிலத்துக்கான பாகப்பிரிவினை வரைவு. அக்கா, நான், தங்கை என்று மூன்று பங்கு. மா என்றால் என்னவென்று சரியாகத் தெரியாமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

மா என்பது இருபதில் ஒன்று. தஞ்சையில் இருபது மா ஒரு வேலி. நிலத்துக்கு மட்டுமான சொல் அல்ல, எதற்கும் பொதுவான பின்னம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் பொன்னிலக்கத்தை முந்திரியிலிருந்து மனப்பாடம் செய்தார்கள். முந்திரி 1/320. முந்திரியும் முந்திரியும் அரைக்காணி, அரைக்காணியும் அரைக்காணியும் காணி. அடுத்து மா, அரைக்கால், கால் என்று ஏறும். மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 1/16. கூட்டல் பெயரிலேயே இருக்கிறது.

மகளின் கணக்கை முந்திரியில் எழுதிப் பார்த்தேன். கால் 80 முந்திரி, அரைக்கால் 40, மேலே 120. மா 16, காணி 4, கீழே 20. விடை 6. தலைகீழாக்க வேண்டியதே இல்லை. மேலும் கீழும் ஒரே அலகுக்கு வந்துவிட்டால், எதில் எது எத்தனை தடவை அடங்குகிறது என்ற கேள்விதான் மிச்சம். அவள் ஆசிரியர் சொல்லும் பொதுப் பகுதியும் இதுதான், பெயர்தான் இல்லை.

லண்டனுக்கும் இது அந்நியமல்ல. 1971 பிப்ரவரி 15 வரை இங்கே ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். ஷில்லிங் பவுனில் ஒரு மா. மூன்று பென்ஸ் நாணயம் காணி, ஃப்ளோரின் இருமா, அரை கிரௌன் அரைக்கால். மூன்று ஃபார்திங் சேர்ந்தால் மிகச் சரியாக ஒரு முந்திரி! நம் ஊரில் ரூபாய், அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்றே நயா பைசாவுக்கு வழிவிட்டுவிட்டது.

திண்ணைப் பள்ளியிலிருந்து லண்டனுக்கு ஒன்று வந்ததும் உண்டு. எழும்பூர் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தினார். மூத்த பையன்களை இளையோருக்குச் சொல்லித்தர வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறைகளுக்குள் பரவியது. பெல் இன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உறங்குகிறார். மணல் கப்பலேறியது, முந்திரி ஏறவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

2019இல்தான் யூனிகோடு இந்தக் குறிகளுக்கு இடம் தந்தது. இருபது பின்னக் குறிகள். இருபத்தொன்றாவதாகக் 'கீழ்' என்ற குறி. எந்தப் பின்னத்தோடு சேர்ந்தாலும் அதை மறுபடி 320ஆல் வகுக்கும். கீழ்முந்திரி என்றால் 1,02,400இல் ஒன்று. பின்னத்துக்குள் பின்னத்தை ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறார்கள்.

ஆனால் 320ஐ மூன்றால் மீதியின்றி வகுக்க முடியாது. நாலு மா என்பது 64 முந்திரி. ஆளுக்கு 21 போக ஒன்று மிஞ்சுகிறது. கீழே போனாலும் மீதி போகாது, இன்னும் கீழே போனாலும் அப்படியே. வேலியில் ஒரு முந்திரி ஏறத்தாழ 900 சதுர அடி. எங்கள் ஃபிளாட்டைவிடப் பெரிது.

அதைத் தங்கை பெயருக்கே எழுதிவிடும்படி அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஏன் அவளுக்கு மட்டும்?" என்றாள் அக்கா.