நம்பர் போட்டுச் சொத்தை அழித்தவர்

எங்கள் பூட்டனாரைப் பற்றி, அதாவது என் தாத்தாவின் தகப்பனாரைப் பற்றி, குடும்பத்தில் வழிவழியாக வந்த தகவல் ஒன்றே ஒன்றுதான். "நம்பர் போட்டே சொத்தை அழிச்சவரு." கோர்ட்டில் வழக்குத் தொடுப்பதை அந்தக் காலத்தில் நம்பர் போடுவது என்றுதான் சொல்வார்கள். அதற்கு ஒட்டாக இன்னொன்றும் சொல்வார்கள்: அவருடைய அண்ணன், அதாவது பங்காளி வீட்டுப் பூட்டனார், சமயம் பார்த்து நிலத்தை ஏலத்தில் அடித்துக்கொண்டார். இந்த இரண்டாவது தகவலின் பலன் என் காலம் வரை நீடித்தது. தீட்டுக்கு மட்டும் இரு வீடும் ஒன்று. மற்றபடி அந்த வீட்டில் நாங்கள் கை நனைத்தது கிடையாது, அவர்களும் எங்கள் வீட்டில் நனைத்ததில்லை.

பத்திரப் பதிவுத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து முப்பத்தி மூன்று வருஷம் அடுத்தவர்களின் பாத்தியதைகளைப் புரட்டிய எனக்கு, ஓய்வு பெற்ற பிறகுதான் சொந்த வீட்டுப் பாத்தியதையைப் பார்க்க நேரம் கிடைத்தது. தேடியதில் கிடைத்ததை எழுதிவைக்கிறேன். எப்படித் தேடினேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பல பேர் வீட்டில் இப்படி ஒரு பூட்டனார் இருப்பார்.

எங்கள் ஊர் சேலம் ஜில்லாவில் ஒரு புஞ்சை ஊர். சேலத்துக்காரர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ஊர் மிட்டாவா, அயனா என்பது. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. ரீடு துரையும் மன்றோ துரையும் அளந்து தீர்வை வைத்தார்கள். அதற்கு அப்புறம் ஜில்லாவில் பல ஊர்களை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டுவிட்டார்கள். மிட்டா ஊர் என்றால் கணக்கு மிட்டாதார் கச்சேரியில் இருந்திருக்கும். 1948ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஜமீன்களும் மிட்டாக்களும் ஒழிந்தபோது அந்தக் கணக்குகளில் எவ்வளவோ கரையானுக்குப் போயிற்று. எங்கள் ஊர் அயன், அதாவது குடியானவன் நேரே சர்க்காருக்குக் கிஸ்தி கட்டிய ஊர். ஆகவே செட்டில்மெண்ட் ரிஜிஸ்தர் உண்டு.

அந்த ரிஜிஸ்தரைப் போன்ற அருமையான புஸ்தகம் இல்லை என்பேன். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு வரி. பழைய பைமாஷ் நம்பர், நஞ்சையா புஞ்சையா, மண்ணின் தரம், ஏக்கர் சென்ட், தீர்வை ரூபாய் அணா, பட்டா நம்பர், கடைசிப் பத்தியில் பட்டாதார் பெயர். அதிலிருந்து முப்பது வருஷம் கழித்து ரீசெட்டில்மெண்ட் வரும். இரண்டு புஸ்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஒரு குடும்பம் ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துவிடும்.

தேடப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெயரைத் தேடாதீர்கள், சர்வே நம்பரைத் தேடுங்கள். எங்கள் ஊரில் பாதி ஆண்களுக்குக் குலசாமி பெயர்தான். தகப்பன் பெயரும் அதே நாலைந்து பெயருக்குள் சுழன்று வரும். நிலத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. இப்போதைய பட்டாவில் இருப்பது யு.டி.ஆர். சமயத்தில் உட்பிரிவு மாறிய நம்பர். அதிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பழைய நம்பரைப் பிடித்துவிட்டால் மற்றது தானாக வரும். 1980இல் பரம்பரைக் கர்ணங்களை எடுத்தார்களே, அதற்கு முன்னால் ஊருக்குப் போய் கணக்குப்பிள்ளையைக் கேட்டால் வாயாலேயே சொல்லியிருப்பார்.

முதல் செட்டில்மெண்டில் பூட்டனார் பெயரில் 7 ஏக்கர் 12 சென்ட் புஞ்சை. கிணறு நாலு பங்காளிகளுக்குப் பொது. அண்ணன் பெயரிலும் கிட்டத்தட்ட அவ்வளவே, பக்கத்து நம்பர்கள். ரீசெட்டில்மெண்டில் பூட்டனார் பெயரே இல்லை. அவர் நிலத்தில் 5 ஏக்கர் 7 சென்ட் அண்ணன் பட்டாவில் ஏறியிருக்கிறது. மீதி 2 ஏக்கர் 5 சென்ட் ஒரு பெண்பிள்ளை பெயரில். அந்தப் பெண்பிள்ளை எங்கள் பூட்டி.

எங்கள் தகப்பனார் உழுது, நாங்கள் ஆரியமும் கடலைக்காயும் தின்று வளர்ந்த காடு அந்த இரண்டு ஏக்கர்தான். அது தாத்தா சம்பாதித்தது என்றே வீட்டில் சொல்லிவந்தார்கள்.

அடுத்து என் பழைய தொழிலுக்குப் போனேன். நிலப் பத்திரங்களைப் பதிவது 1865இலிருந்து சட்டப்படி நடக்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கிரயம், அடமானம் எல்லாம் கட்டாயப் பதிவு. முதலாம் புஸ்தகத்தில் பத்திரம் முழுவதையும் கையால் நகல் எடுத்து எழுதிவைப்பார்கள். முதல் இண்டெக்ஸ் ஆட்கள் பெயர்வாரியாக, இரண்டாம் இண்டெக்ஸ் சொத்துவாரியாக. கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பதெல்லாம் அண்மைக் காலத்தது. பழசு வேண்டுமென்றால் தேடுதல் கட்டணம் கட்டித் தும்மிக்கொண்டே புரட்டத்தான் வேண்டும்.

முதலில் கிடைத்தது ஓர் அடமானப் பத்திரம். தாது வருஷம் தை மாதம். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, 1876, 77. மழை பொய்த்து, சென்னை ராஜதானி முழுக்கக் குடியானவன் வீட்டுக் குதிர் காலியான காலம். சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 67 ஆயிரம் அளவில் இருந்தது. 1881இல் 16 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்தில் ஒருவரைக் காணோம். சிலர் செத்தார்கள், சிலர் புறப்பட்டுப் போனார்கள். நிவாரண வேலைக்கு வந்த கூலியாளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் அரையணாச் சில்லறையும் போதும் என்று டெம்பிள் துரை கணக்குப் போட்டது இதே தை மாதத்தை ஒட்டித்தான்.

பத்திரத்தில் கடன் 150 ரூபாய். காரணம் எழுதியிருக்கிறது: சர்க்கார் கிஸ்திக்காகவும், குடும்ப சம்ரட்சணைக்காகவும், செத்துப்போன கவலை மாட்டுக்குப் பதில் மாடு வாங்குவதற்காகவும். வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய். நூறு வருஷம் நாங்கள் கேட்ட கதையில் பஞ்சம் என்ற வார்த்தையே வந்ததில்லை. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து இரண்டு. அதில் முதலாவது அண்ணனுடையது.

இனி கோர்ட். பழைய சிவில் கட்டுகளில் பிராது, சாட்சி வாக்குமூலம் எல்லாம் கெடு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். வழக்குப் பதிவேடும் தீர்ப்பும் டிக்ரியும்தான் நீண்ட நாள் நிற்கும். வழக்கில் சம்பந்தமில்லாத ஆள் நகல் கேட்டால் எதற்கு என்று பிரமாண வாக்குமூலம் போட வேண்டும். "வாரிசு, குடும்ப வரலாற்றுக்காக" என்று எழுதினேன். மனுவை வாங்கிய பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். இரண்டு மாதத்தில் நகல் வந்தது.

பதிவேட்டில் எங்கள் பூட்டனார் பெயர் வருவது ஒரே ஒரு வழக்கில். அதிலும் அவர் பிரதிவாதி. அவர் யார் மேலும் நம்பர் போடவில்லை, அவர் மேல்தான் கடன்காரர் போட்டிருக்கிறார். அசலும் வட்டியும் செலவும் சேர்த்து 212 ரூபாய்க்கு டிக்ரி. தீர்ப்பு இங்கிலீஷில் அரைப் பக்கம். அதில் இரண்டு வரியில் இருக்கிறது விஷயம்: பிரதிவாதி சிலோனுக்குப் போயிருப்பதாகச் சொல்லப்படுகிறது, சம்மன் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டது, ஆஜராகவில்லை, எக்ஸ்பார்ட்டி.

அந்தப் பஞ்சத்தில் சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்களிலிருந்து எத்தனையோ பேர் கண்டிச் சீமைக்குப் போனார்கள். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவான். கடற்கரை வரை நடை, அங்கிருந்து மன்னாருக்குத் தோணி, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியாக மறுபடி நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் அநேகம். போய்ச் சேர்ந்தவர்களுக்கும் அது நல்ல காலமில்லை. 1869இல் இலங்கைக் காப்பிச் செடியில் தோன்றிய இலைநோய் பரவி, எண்பதுகளில் காப்பித் தோட்டங்களையே முடித்துவிட்டது. தேயிலை வந்தது அந்தக் காப்பிக் காட்டின் மேல்தான்.

ஆக, பூட்டனார் வழக்காடிச் சொத்தைத் தொலைத்தவர் அல்ல. கடனை வாங்கி, கிஸ்தியைக் கட்டி, அதுவும் போதாமல் பெண்ஜாதியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கண்டிக்கு நடந்தவர். வீட்டில் ஏன் கதையை மாற்றிச் சொன்னார்கள் என்பதற்கு என் அனுமானம் இது. விட்டுவிட்டுப் போன தகப்பனைவிட வழக்காடித் தோற்ற தகப்பனைப் பற்றி ஒரு பிள்ளை வெளியில் சொல்வது எளிது. அந்தக் கைக்குழந்தைதான் எங்கள் தாத்தா.

ஏலத்துக்கு வருகிறேன். கோர்ட் ஏலத்தில் நிலத்தை எடுத்தது அண்ணன்தான், குடும்பக் கதையில் அந்த வரி மட்டும் நிஜம். விலை 220 ரூபாய். ஏலம் எடுத்தவர் நாலில் ஒரு பாகத்தை அங்கேயே கட்ட வேண்டும், மீதியைப் பதினைந்து நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் மறு ஏலம். இந்தப் பதினைந்து நாள் கணக்கு தெரிந்திருந்ததால் இண்டெக்ஸில் அண்ணன் பெயரை அந்த மாதத்தில் தேடினேன். ஏலத்துக்கு ஒன்பதாம் நாள் அவர் தன்னுடைய சொந்தப் புஞ்சையில் நாலு ஏக்கரை அடமானம் வைத்து 170 ரூபாய் வாங்கியிருக்கிறார். காரணம், "கோர்ட்டு ஏலத் தொகை செலுத்தும் பொருட்டு." கையில் பணத்தை வைத்துக்கொண்டு தம்பி விழுவதற்காகக் காத்திருந்த ஆள் செய்கிற காரியமா இது? கடன்காரர் எடுத்திருந்தால் பொதுக் கிணற்றில் வெளியாள் பங்காளியாகியிருப்பார். அந்தக் கவலையும் அவருக்கு இருந்திருக்கும், அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஏலம் முடிந்து நாலு வருஷம் கழித்து ஒரு கிரயப் பத்திரம். எழுதிக்கொடுப்பவர் அண்ணன். எழுதி வாங்குபவர் தம்பி பெண்ஜாதி. 2 ஏக்கர் 5 சென்ட் புஞ்சையும், கிணற்றில் நாலில் ஒரு பங்கும், முறைப்படி கவலை ஓட்டிக்கொள்ளும் பாத்தியதையும், வண்டித்தடப் பாத்தியதையும், 60 ரூபாய்க்கு. நூறு ரூபாய்க்குக் கீழே என்பதால் இதைப் பதியவேண்டிய கட்டாயமே இல்லை. ஆனாலும் பதிந்திருக்கிறார்கள். பின்னால் தன் பிள்ளைகள் மாற்றிப் பேசக்கூடாது என்று நினைத்தாரோ, பூட்டிதான் பிடிவாதம் பிடித்தாளோ. பத்திரத்தில் அவள் பெயருக்குப் பின்னால் "பெண்ஜாதி" என்றே இருக்கிறது. அந்தத் தேதி வரை பூட்டனாரை உயிரோடு இருப்பவராகவே எல்லாரும் வைத்திருக்கிறார்கள். "காலஞ்சென்ற" என்ற சொல் அவர் பெயருக்கு முன்னால் முதன்முதலாக வருவது, எங்கள் தாத்தா வாலிபராகிச் செய்த ஒரு பரிவர்த்தனையில்தான்.

60 ரூபாய் என்பது நியாயமா? 7 ஏக்கர் 12 சென்ட் 220 ரூபாய் என்றால், 2 ஏக்கர் 5 சென்டுக்கு 63 ரூபாய் சொச்சம் வரும். அதாவது எடுத்த விலைக்கும் மூன்று ரூபாய் குறைவு, நாலு வருஷ வட்டி தள்ளுபடி. அந்த அறுபது ரூபாயை ஆண்துணை இல்லாத ஒரு பெண் பஞ்சத்துக்குப் பிறகு எப்படிச் சேர்த்தாள் என்பதைப் பத்திரம் சொல்லாது. "ரொக்கம் பற்றிக்கொண்டேன்" என்று மட்டும் சொல்லும். எங்கள் குடும்பத்தில் வாய் ஓயாமல் பேசப்பட்டிருக்க வேண்டியவள் அவள். அவளைப் பற்றி ஒரு வாக்கியம்கூட மிச்சமில்லை.

நகல்களைப் பங்காளி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அங்கே மூத்தவர் எனக்கு அண்ணன் முறை, எண்பதைத் தாண்டியவர். கிரயப் பத்திரத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கிணற்றுப் பங்கு வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "எங்க வூட்டுல வேற மாதிரி சொல்லுவாங்க தம்பி. உங்க பூட்டி வந்து வாசல்ல உக்காந்துக்கிட்டு எழுந்திரிக்க மாட்டேன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாளாம்" என்றார். உள்ளிருந்து காப்பி வந்தது. குடித்தேன்.

என் தம்பிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எல்லாவற்றையும் போனில் பொறுமையாகக் கேட்டான். "அது சரிண்ணா, மிச்சம் அஞ்சு ஏக்கர் ஏழு சென்ட்டை அவங்கதானே வச்சுக்கிட்டாங்க" என்றான். அவன் சொல்வதும் கணக்குப்படி சரிதான். ரீசெட்டில்மெண்ட் ரிஜிஸ்தரில் அந்த நம்பர்கள் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன.