வேலையில் இருக்கும் நாய்



நம் லயத்தில் நாய் இல்லாத வீடு குறைவு. "காவலுக்குத்தான் வச்சிருக்கோம் சார்" என்பீர்கள். ஆனால், ஒரு மனிதருக்குக் கண்ணாகவே வேலை செய்யும் நாயும் உலகில் உண்டு. அதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

முதல் உலகப் போரில் ஜெர்மானியப் போர்வீரர் பலர் பார்வை இழந்தனர். அவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளியை டாக்டர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் 1916-இல் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கினார். 1928-இல் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர், சுவிட்சர்லாந்து சென்று 'பட்டி' என்ற நாயோடு பயிற்சி பெற்றுத் திரும்பினார். நியூயார்க்கில் வாகனங்கள் இரையும் வீதியை, நிருபர்கள் பார்த்திருக்க, அந்த நாயை நம்பியே கடந்தார். "வெற்றி" என்று ஒரே சொல்லில் தந்தி அடித்தார். மறு ஆண்டே, 1929-இல், அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி பிறந்தது. நம் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்!

வீதியைக் கடந்தவருக்கு வாசலைக் கடப்பதுதான் கஷ்டமாயிற்று. ரயிலிலும் ஓட்டலிலும் "நாய் கூடாது" என்றார்கள். நம் மலேசியாவிலும் 2010-களில் ஸ்டீவன்ஸ் சான் என்ற பார்வையற்றவர் தம் வழிகாட்டி நாயோடு வெளியே போனபோது, பல இடங்களில் தடுக்கப்பட்டார். தடுத்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அதை எப்படி அறிவது? வீட்டு நாய்க்குக் கழுத்துவாரும் கயிறும்தான். வழிகாட்டி நாய்க்கு உடம்பில் பட்டைவாரும், பார்வையற்றவர் பிடித்துக்கொள்ள விறைப்பான கைப்பிடியும் இருக்கும். பட்டைவாரை யாரும் கடையில் வாங்கி மாட்டிவிடலாம். பழக்கத்தை வாங்க முடியாது. பயிற்சி பெற்ற நாய் காரணமின்றிக் குரைக்காது, சாப்பாட்டைக் கண்டு தாவாது, மேசையடியில் அமைதியாகப் படுத்திருக்கும். சந்தேகம் வந்தால் அமெரிக்கச் சட்டப்படி கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: உடற்குறை காரணமாக இந்த நாய் தேவையா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது?

பிள்ளைகளே, அப்படியொரு நாயைத் தானா ராத்தா கடைவீதியில் கண்டால் கூப்பிடாதீங்க, தடவாதீங்க, பிஸ்கட் போடாதீங்க. அதன் கவனம் சிதறினால் விழப்போவது அந்த மனிதர். நாயைத் தொட விரும்பாதவர்களும் நம் நாட்டில் உண்டு. அவர்கள் சற்று ஒதுங்கி வழிவிட்டாலே போதும்.

பாரதத்தில் சொர்க்க வாசலிலும் "நாய் கூடாது" என்றுதான் சொன்னார்கள். கூட வந்த நாயை விட்டுவிட்டு உள்ளே போகத் தருமர் சம்மதிக்கவில்லை. நம் ஊர்க் கடை வாசலில் நிற்பவரை நாம் திருப்பி அனுப்பலாமா?