கரிசல் வெயிலும் லென்ஸ் பூச்சும்

இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் வெயிலில் கேமராவைத் தூக்கினால் முதல் எதிரி கூசும் ஒளிதான். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடும். அது லென்சுக்குள்ளேயே அலைந்து படத்தை வெளுக்க வைக்கும்.

1890களில் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் ஓர் அதிசயத்தைக் கவனித்தார்: நாள்பட்டு மங்கிய லென்ஸ், புதியதைவிடக் கூடுதல் ஒளியை உள்ளே விட்டது! 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா, அதே விளைவைத் தரும் மெல்லிய ஒற்றைப் பூச்சை வெற்றிடத்தில் ஏற்றும் வழி கண்டார். பல அடுக்குப் பூச்சு பென்டாக்ஸின் டக்குமார் லென்ஸ்களில் 1971இல் வந்தது.

ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அது முன்பு தயாரித்த ‘இந்து’ போன்ற கறுப்பு வெள்ளைப் பிலிம் சுருளுக்கு ஒற்றைப் பூச்சே அழகு. நிழலுக்குள் கொஞ்சம் ஒளி கசிவதால் உச்சிவெயிலின் முரட்டுத்தனம் இளகும்.

வண்ணச் சுருளுக்கும் எதிர்வெயிலுக்கும் பல அடுக்கே மேல். ஒற்றைப் பூச்சென்றால் லென்ஸ் முகப்பில் வெயில் மறைக்கும் ஹூட் கட்டாயம்.