ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும்

கொஞ்சம் நீளமான இழை. வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தரை வச்சுப் பார்த்துக்கறவங்க பொறுமையா படிங்க.

1. பழவேற்காடு ஏரிக்கரையில கோட்டைக்குப்பம்னு ஒரு மீனவ கிராமம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. பக்கத்துலயே டச்சுக்காரங்க 1613-ல கட்டின கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம். அங்க ஒரு மீனவருக்குப் பக்கவாதம் வருதுன்னு வச்சுக்கோங்க. பொன்னேரி, அங்கிருந்து சென்னை. பத்து நாள் கழிச்சு டிஸ்சார்ஜ். மூக்குல டியூப், சிறுநீருக்கு ஒரு டியூப், ஒரு பக்கம் கை கால் வரல. கையில ஒரு சம்மரி. வீட்டுல மனைவியும் மகளும்.

2. உயிரைக் காப்பாத்தின பத்து நாளுக்கு ஒரு பெரிய குழுவே இருந்துச்சு. அடுத்த மூணு மாசத்துக்கு யார்? படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, சிறுநீர்க் கிருமின்னு பலரைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றது எல்லாம் இந்த இடைவெளியிலதான் நடக்குது. இந்த இடைவெளியை அடைக்க உலகம் என்னென்ன பண்ணிச்சுங்கறதுதான் இந்த இழை.

3. 1859, இங்கிலாந்துல லிவர்பூல். வில்லியம் ராத்போன்னு ஒரு வணிகர். அவர் மனைவியோட கடைசி நாட்கள்ல மேரி ராபின்சன்னு ஒரு நர்ஸ் வீட்டுலயே பார்த்துக்கிட்டாங்க. பணக்கார வீட்டுக்கே இது இவ்வளவு ஆறுதல்னா ஏழை வீட்டுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சவர், அதே நர்ஸை ஏழைங்க வீட்டுக்குப் போக மூணு மாசத்துக்கு அமர்த்தினார். அங்க பார்த்த கஷ்டம் தாங்காம ஒரு மாசத்துலயே அவங்க விட்டுடறேன்னு அழுதிருக்காங்க. ராத்போன் சமாதானப்படுத்தி இருக்க வச்சார்.

4. வேலை பலன் தந்துச்சு, ஆனா பயிற்சி பெற்ற நர்ஸ் வேற கிடைக்கல. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்கிட்ட யோசனை கேட்டார். ஊர் ஆஸ்பத்திரியோட சேர்ந்து நர்ஸ் பள்ளியே ஆரம்பிச்சார். லிவர்பூலை 18 வட்டாரமாப் பிரிச்சு நர்ஸுங்களை அனுப்பினாங்க. ஒரே இடத்துல பயிற்சி, அதனால ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குப் போற நர்ஸுக்கும் ஒரே பாஷை. இதை மனசுல வச்சுக்கோங்க.

5. இப்ப நம்ம ஊர். 1956-ல சென்னை சேத்துப்பட்டுல காசநோய் ஆராய்ச்சி மையம் வந்துச்சு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தினது. அன்னைக்கு காசநோய்னாலே சானட்டோரியம். (தாம்பரம் சானட்டோரியம் ஸ்டேஷன் பேர் அப்படி வந்ததுதான்.) நோயாளிங்க லட்சக்கணக்குல, படுக்கையோ கொஞ்சம்தான்.

6. கேள்வி ரொம்ப எளிமை. அதே மாத்திரையை வீட்டுல இருந்தே சாப்பிட்டா குணமாகுமா? 193 நோயாளிகளைக் குலுக்கல் மாதிரி ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதி சானட்டோரியத்துல, நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸோட. இன்னொரு பாதி நெருக்கடியான ஏழை வீடுகள்ல. ஒரு வருஷ முடிவுல கிருமி அடங்கினது சானட்டோரியத்துல 92 சதவீதம், வீட்டுல 86 சதவீதம். 1959-ல வெளியான இந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சுது. வீட்டுல இருந்தவங்க குடும்பத்துக்குக் கூடுதலா நோய் பரவலைங்கறதும் தொடர்ந்து கவனிச்சதுல தெரிஞ்சுது.

7. எல்லாரும் சொல்ற கதை இதோட முடிஞ்சுடும். நான் சொல்ல வர்றது அடுத்தது. அந்த 86 சதவீதம் சும்மா வரல. மாத்திரையைக் கொடுத்துட்டு “போய்ட்டு வாங்க”ன்னு விடல. தவறாம கிளினிக் வரணும். சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு வந்து மீதி மாத்திரையை எண்ணுவாங்க, சிறுநீர்ல மருந்து இருக்கான்னு பார்ப்பாங்க. வீட்டுல பார்த்தது எல்லாம் டாக்டர் கைக்குத் திரும்ப வந்துச்சு. கயிறு அறுபடல.

8. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1947-ல, நியூயார்க் மான்டிஃபியோர் ஆஸ்பத்திரியில டாக்டர் ப்ளூஸ்டோன் இதையே வேற மாதிரி பண்ணினார். வீட்டுக் கட்டிலும் ஆஸ்பத்திரியோட இன்னொரு வார்டுதான்னு கணக்கு. டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர் எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தே போவாங்க.

9. பிறகு காசு உள்ள வந்துச்சு. அமெரிக்காவுல 1965 மெடிகேர் சட்டம் வீட்டுப் பராமரிப்புக்கும் பணம் தர வழி பண்ணிச்சு. நோயாளியை அனுப்பினா கமிஷன்ங்கற வியாபாரமும் கூடவே ஒட்டிக்கிச்சு. 1972-லயே அதைக் குற்றமாக்கிச் சட்டம் போட வேண்டி வந்துச்சு. நம்ம ஊர்லயும் 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி, நோயாளியை அனுப்பறதுக்கு டாக்டர் கமிஷன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. விதி இருக்கு. “கட்டிங்” எவ்வளவுன்னு கேக்கறவங்களும் இருக்காங்க.

10. கேரளா வேற வழி காட்டிச்சு. 1993-ல கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவங்க வலி நிவாரண கிளினிக் ஆரம்பிச்சாங்க. ஆஸ்பத்திரிக்கே வர முடியாதவங்க நிறைய பேர்னு புரிஞ்சுது. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கே பயிற்சி கொடுத்து, நர்ஸோட வீடு வீடாப் போக வச்சாங்க. 2008-ல மாநில அரசே இதைக் கொள்கையா அறிவிச்சுது.

11. தமிழ்நாட்டுல 5 ஆகஸ்ட் 2021 அன்னைக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் தொடங்குச்சு. சுய உதவிக்குழுப் பெண்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வர்றாங்க. படுக்கையில இருக்கவங்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. 2024-ல ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைச்சுது.

12. அப்போ கோட்டைக்குப்பத்து மீனவருக்கு எல்லாம் சரியாயிடுச்சா? திட்டம் அவர் ஊர் வரைக்கும் வருது. ஆனா சென்னையில எழுதின சம்மரி அந்த நர்ஸ் கைக்குத் தானா நடந்து போகாது. யாராவது கொண்டு போய்ச் சேர்க்கணும். வரலாறு பூரா தோத்த இடமும் ஜெயிச்ச இடமும் அந்தக் காகிதம்தான்.

13. ஏரிக்கரை மக்களுக்கு இது புதுசு இல்ல. அங்க “பாடு”ன்னு ஒரு முறை உண்டு. எந்த நாள், எந்த இடத்துல, யார் வலை போடறதுன்னு முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் இந்த முறையில இருக்கற கிராமங்கள். இன்னைக்கு யார் முறைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சாதான் ஏரியில சண்டை வராது. டிஸ்சார்ஜ் ஆன நோயாளி விஷயத்துலயும் அதே கேள்விதான்: இன்னைக்கு இவர் யார் பொறுப்பு?

14. ஹோம் கேர் ஏஜென்சி ஆரம்பிக்கற தம்பி தங்கைங்க நிறைய பேர் “ஆஸ்பத்திரியில எப்படி உறவு பிடிக்கறது?”ன்னு கேக்கறாங்க. விசிட்டிங் கார்டும் தீபாவளி ஸ்வீட் பாக்ஸும் ஒரு தடவைக்கு. சேத்துப்பட்டு வழிதான் நிலைக்கும். அனுப்பின நோயாளியைப் பத்தி ஒரு வாரத்துல டாக்டருக்கு ஒரு பக்கம் எழுதுங்க. புண் இருக்கா, சாப்பாடு இறங்குதா, காய்ச்சல் உண்டா, மாத்திரை ஒழுங்கா போகுதா. உங்களால முடியாததை முடியாதுன்னு முன்னாடியே சொல்லுங்க. அடுத்த நோயாளியை நம்பி அனுப்புவாங்க.

15. குடும்பத்துக்கு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவசரப்பட்டுக் கிளம்பாதீங்க. நாலு கேள்வி கேளுங்க:
டியூப் எப்ப மாத்தணும், யார் மாத்துவாங்க?
எந்த அறிகுறி வந்தா உடனே திரும்பி வரணும்?
பிசியோ எப்ப இருந்து, எங்க?
சந்தேகம்னா யாருக்கு போன் பண்றது?
சம்மரியோட ஒரு நகலை உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுத்து, மக்களைத் தேடி மருத்துவம் பட்டியல்ல பேரைச் சேர்க்கச் சொல்லுங்க. ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

16. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க அந்த வீட்டு அம்மாவுக்கு யாராவது பக்கத்துல நின்னு ஒரு தடவை காட்டிக் கொடுத்தா போதும், எத்தனையோ படுக்கைப் புண்ணைத் தவிர்க்கலாம். அந்த “யாராவது” யாருன்னு டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே முடிவாகணும்.

தேவைப்படற ஒருத்தருக்காவது இதைப் பகிருங்க.